எலக்ட்ரான் கற்றைகளின் வரலாறு – 9: வாயு சுமந்த கற்றை

எலக்ட்ரான் கற்றை செல்லும் குழாயிலிருந்து வாயுவை இயன்ற மட்டும் வெளியேற்றிவிட வேண்டும் என்பது, படக்குழாய்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கிகளும் வளர்ந்த 1930-களிலிருந்து இத்துறையினர் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருந்த விதி. வாயு மூலக்கூறுகளில் மோதும் எலக்ட்ரான் சிதறித் தன் பாதையை இழக்கும் என்பதால் அவ்விதியில் குறை காணவும் இடமிருக்கவில்லை. ஆயினும் 1960-களின் நடுவில், பத்தாயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமந்து ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் கற்றைகள் ஆய்வகங்களில் உருவானபோது, நல்ல வெற்றிடத்தில் அவை சிறிது தொலைவுக்குள்ளேயே விரிந்து சிதைவதையும், அதே குழாயில் சிறிதளவு காற்றை விட்டால் குழாயின் மறுமுனையில் வைத்த உலோகத் தகட்டைச் சிதைக்கும் அளவுக்குக் குவிந்து செல்வதையும் ஆய்வாளர்கள் கண்டனர். தடையென்று கருதப்பட்ட வாயு எவ்வாறு கற்றையின் வாகனமாயிற்று என்பதே இப்பகுதியில் ஆராயப்படுகிறது.

இந்த உண்மை முற்றிலும் புதியதன்று. முன்பு ஒருமுறை கண்டறியப்பட்டுக் கைவிடப்பட்ட ஒன்றே வேறு உருவில் திரும்பி வந்தது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜே. பி. ஜான்சன் உருவாக்கிய கேத்தோடு கதிர்க் குழாய், சில நூறு வோல்ட் மின்னழுத்தத்திலேயே இயங்கியதற்குக் காரணம், அதனுள் வேண்டுமென்றே விடப்பட்டிருந்த சிறிதளவு ஆர்கான் வாயு. கற்றையிலுள்ள எலக்ட்ரான்கள் வாயு அணுக்களில் மோதி அவற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்த்தெடுக்க, பெயர்ந்த இலகுவான எலக்ட்ரான்கள் விரைவாக விலகி ஓட, கனமான நேர்மின் அயனிகள் கற்றையின் நடுவே தங்கி, எதிர்மின்னேற்றம் கொண்ட கற்றையைத் தம்பால் ஈர்த்துக் குவித்தன. ஆனால் குவிவின் அளவு கற்றையின் மின்னோட்டத்தைச் சார்ந்திருந்ததாலும், வேகமாக மாறும் அலைகளைப் பின்தொடர அயனிகளால் இயலாததாலும், மின்புல வில்லைகளும் காந்தப்புல வில்லைகளும் வந்தவுடன் அம்முறை வழக்கொழிந்தது. ஜான்சனின் பெயரும் மின்தடைகளில் வெப்பத்தால் எழும் இரைச்சலோடு இணைந்து நின்றுவிட்டதே தவிர, வாயுக் குவிப்போடு சேர்த்து எவரும் அதை நினைவுகூர்வதில்லை.

செறிவான கற்றையின் சிக்கலை விளங்கிக்கொள்ள, அதன் எலக்ட்ரான்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் இரு விசைகளை எண்ணிப் பார்த்தால் போதும். ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குவதால் கற்றை விரியப் பார்க்கிறது. அதே வேளையில், ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், கற்றை தானே தன்னைச் சுற்றி உருவாக்கும் காந்தப்புலம் அதை உள்நோக்கி இறுக்குகிறது. வெற்றிடத்தில் காந்த இறுக்கம் ஒருபோதும் மின் விலக்கத்தை வெல்வதில்லை. வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க இரண்டும் ஏறத்தாழச் சமமாகி, மிஞ்சும் விலக்கம் காமாவின் வர்க்கத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. காமா என்பது எலக்ட்ரானின் மொத்த ஆற்றல் அதன் நிலை ஆற்றலைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும் எண். 10 லட்சம் வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானுக்கு அது ஏறத்தாழ 3 ஆகவும், 5 கோடி வோல்ட்டால் முடுக்கப்பட்டதற்கு ஏறத்தாழ 100 ஆகவும் இருக்கும். இவ்விரு விசைகளின் சமநிலை அத்தனை நுட்பமானதாக இருப்பதால்தான், எங்கிருந்தோ வந்து சேரும் சிறிதளவு நேர்மின்னேற்றம் முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

இதை முதலில் கோட்பாடாக வகுத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வில்லார்டு பென்னெட். தன் காந்தப்புலத்தாலேயே குவியும் மின்னோடைகளைப் பற்றி அவர் 1934-இல் வெளியிட்ட கட்டுரை, மின்னேற்ற விலக்கம் நீக்கப்பட்டால் காந்த இறுக்கமும் துகள்களின் குறுக்கு அசைவால் எழும் அழுத்தமும் சமன்பட்டு நிலையான ஓடை அமையும் என்று காட்டியது. பென்னெட் இறுக்கம் என்று இன்றும் வழங்கப்படுவது இதுவே. ஐந்தாண்டு கழித்து, 1939-இல், ஸ்வீடன் நாட்டின் ஹான்னஸ் ஆல்ஃப்வென் முற்றிலும் வேறொரு வினாவிலிருந்து தொடங்கி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் காஸ்மிக் கதிர்கள் ஓடையாகப் பாய முடியுமா என்று ஆராய்ந்த அவர், அவ்வெளியிலுள்ள மின்கடத்தும் வாயு ஓடையின் மின்னேற்றத்தைச் சமன்செய்துவிடும் என்று கொண்டார். அவ்வாறு கொண்டால் எஞ்சுவது காந்தப்புலம் மட்டுமே; மின்னோட்டம் மிகும்போது அப்புலம் வலுத்து, ஒரு கட்டத்தில் ஓடையின் வெளியோரத்துத் துகள்களை வளைத்துப் பின்னோக்கியே திருப்பிவிடும். எலக்ட்ரான் ஓடையைப் பொறுத்தமட்டில் அந்தக் கட்டம், 17,000 ஆம்பியரைக் காமாவாலும், ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்ட துகளின் வேக விகிதத்தாலும் பெருக்கக் கிடைக்கும் அளவு. 10 லட்சம் வோல்ட் கற்றைக்கு இது ஏறத்தாழ 47,000 ஆம்பியர். ஆய்வகக் கற்றைகள் அப்போது மில்லி ஆம்பியர் அளவில் இருந்தமையால், இவ்வெல்லை பூமியில் எவருக்கேனும் இடையூறாகும் என்று நினைக்கவும் அன்று காரணமில்லை.

1956-இல் ஜெனீவாவில் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்ன் கூட்டிய கருத்தரங்கில் சோவியத் ஒன்றியத்தின் கெர்ஷ் பூட்கர், தானே தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் சார்பியல் வேக எலக்ட்ரான் கற்றை ஒன்றை முன்மொழிந்தார். கற்றையின் எலக்ட்ரான்களுக்கு எதிராக அதனுள் இருக்கும் அயனிகளின் விகிதம், காமாவின் வர்க்கத்தில் ஒரு பங்கைவிட மிகுதியாகவும் ஒன்றைவிடக் குறைவாகவும் இருந்தால், எலக்ட்ரான்களும் குவிந்திருக்கும், அயனிகளும் கற்றையின் எதிர்மின்னேற்றத்தால் பிணைக்கப்பட்டு விலகாதிருக்கும் என்பது அவர் வகுத்த நிபந்தனை. 10 லட்சம் வோல்ட் கற்றைக்குத் தேவைப்படும் அயனிகள், எலக்ட்ரான்களின் எண்ணிக்கையில் சுமார் 11 விழுக்காடு மட்டுமே. பூட்கர் எண்ணியது வளைய வடிவக் கற்றையைக் கொண்டு முடுக்கி அமைப்பதை. அது அவர் நினைத்த வடிவில் நிறைவேறவில்லை. ஆனால் நிபந்தனை நிலைத்தது. இரண்டாண்டுக்குப்பின் பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வகத்தில் ஜே. டி. லாசன், அணுக்கரு இணைவுக்கான நிபந்தனையால் பெயர்பெற்றவர், பகுதியளவு சமன்செய்யப்பட்ட கற்றைகளைப் பற்றிய ஆய்வில் பென்னெட்டின் இறுக்கத்தையும் ஆல்ஃப்வெனின் எல்லையையும் ஒரே கணக்கில் பொருத்திக் காட்டினார். இவ்வாறு, கற்றைகள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவற்றின் இலக்கணம் ஏறத்தாழ முழுமையாக எழுதப்பட்டுவிட்டது. அதில் விடுபட்டுப்போன ஒரே ஒரு பகுதிதான் பிற்பாடு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

கற்றைகளைப் பிறப்பித்தது இயற்பியல் ஆர்வத்தைவிடப் போர்த்தேவையே என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1963-ஆம் ஆண்டின் பகுதி அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடிப்பதை நிறுத்தியபோது, குண்டின் எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் ஏவுகணைகளின் மின்னணுக் கருவிகளை என்ன செய்யும் என்பதை ஆய்வகத்திலேயே சோதிக்க வேண்டிய கட்டாயம் வல்லரசுகளுக்கு நேர்ந்தது. அதற்குரிய கருவியை வகுத்தவர்களில் முதலிடம் பிரிட்டனின் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜே. சி. மார்ட்டினுக்கு உரியது. மின்தேக்கிகளை இணையாக மின்னேற்றித் தொடராக வெளியேற்றும் மார்க்ஸ் மின்னாக்கியை, ரேடார் பொறியாளர் ஆலன் ப்ளூம்லீன் தாம் 1942-இல் விமான விபத்தில் இறப்பதற்குமுன் வகுத்திருந்த துடிப்புத் தொடரோடு இணைத்து, மின்காப்பாக எண்ணெயையும் நீரையும் பயன்படுத்தி, சில பத்து நானோ விநாடிகளே நீடிக்கும் பல லட்சம் வோல்ட் துடிப்புகளை அவரது குழுவினர் உருவாக்கினர். ஒரு நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்நுட்பம் அட்லாண்டிக் கடலைக் கடந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அயான் ஃபிசிக்ஸ் நிறுவனம், கலிஃபோர்னியாவின் ஃபிசிக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனம், நியூ மெக்சிகோவின் சாண்டியா ஆய்வகம் ஆகியவற்றில் நடைபெற்றுவந்த முயற்சிகளோடு கலந்தபோது, கற்றையின் திறன் பத்தாயிரம் கோடி வாட்டிலிருந்து ஒரு லட்சம் கோடி வாட் வரை உயர்ந்தது.

இக்கருவிகளின் முனையில் குளிர்ந்த எதிர்மின்வாய் ஒன்றிலிருந்து வெறும் மின்புலத்தின் வலிமையாலேயே பிய்த்தெடுக்கப்படும் எலக்ட்ரான்கள், நேர்மின்வாயாக நிற்கும் மெல்லிய உலோகத் தாளை ஊடுருவி, அதற்கப்பால் உள்ள குழாய்க்குள் நுழையும். முடுக்கும் புலம் ஏதுமின்றிக் கற்றை தன் வேகத்திலேயே செல்லும் பகுதியாதலால் இது நகர்வுக் குழாய் எனப்பட்டது. அக்குழாய் வெற்றிடமாக இருந்தால் என்னாகும் என்பதை மாஸ்கோவைச் சேர்ந்த போக்தான்கெவிச்சும் ருகாத்ஸேயும் 1971-இல் தெளிவான சூத்திரமாக வெளியிட்டனர். கற்றையின் மின்னேற்றமே குழாயின் நடுவில் எதிர்மின்னழுத்தக் குழி ஒன்றை உண்டாக்க, மின்னோட்டம் மிகுந்தால் அக்குழி ஆழமாகி எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல் முழுவதையும் விழுங்கிவிட, அவை நடுவழியில் நின்று திரும்பிவிடும். 10 லட்சம் வோல்ட் கற்றை, தன் ஆரத்தைப்போல் இருமடங்கு ஆரமுள்ள உலோகக் குழாயில் சென்றால், சுமார் 8,000 ஆம்பியருக்குமேல் கடக்க முடியாது என்று அச்சூத்திரம் சொல்கிறது. கருவிகள் தந்ததோ பல பத்தாயிரம் ஆம்பியர்.

இந்நிலையில்தான் குழாய்க்குள் வாயு வந்தது. 1966-இல் அயான் ஃபிசிக்ஸ் நிறுவனத்தின் கிரேபில், நாப்லோ இருவரும், தாழ்ந்த அழுத்தமுள்ள வாயுவில் தன் காந்தப்புலத்தால் தானே குவியும் கற்றையைக் கண்டதாக அறிவித்தனர். மறு ஆண்டில் ஃபிசிக்ஸ் இன்டர்நேஷனலின் லிங்க், இன்னும் திறன்மிக்க கற்றைகளைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார். அதே நிறுவனத்தில் ஜெரோல்டு யோனஸ், ஸ்பென்ஸ் ஆகியோர் வாயுவின் அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிக் கற்றையின் போக்கை ஒழுங்காக ஆராய்ந்தனர். ஒரு வளிமண்டல அழுத்தம் 760 டார் என்ற அலகில் பார்த்தால், 0.1 டாரை ஒட்டிய அழுத்தத்தில் கற்றை இறுக்கமாகக் குவிந்தது. 1 டாரை ஒட்டிய அழுத்தத்திலோ குவிவும் இல்லை, வெடித்து விரிவதும் இல்லை. எந்த விசைக்கும் உட்படாததுபோல் கற்றை நகர்ந்து சென்றது. அதைவிட அழுத்தத்தை மிக உயர்த்தினால் மீண்டும் இறுக்கம் தலைகாட்டி, அதோடு கற்றை நெளிந்து அலைந்து சுவரில் மோதத் தொடங்கியது. பென்னெட், பூட்கர் ஆகியோரின் கோட்பாடு இவற்றுள் முதலாவதை விளக்கியது. நடுவிலுள்ளதை விளக்கவில்லை.

அதை விளக்க, கற்றை குழாய்க்குள் நுழைந்த முதல் சில நானோ விநாடிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. துடிப்பின் முன்முனை குளிர்ந்த, மின்கடத்தாத வாயுவுக்குள் நுழையும்போது அங்கே அயனிகள் இல்லை. ஆகவே கற்றை வெற்றிடத்தில் விரிவதைப்போலவே விரிகிறது. இதனிடையே மோதல்களால் அயனிகள் பெருகுகின்றன. 1 டார் அழுத்தமுள்ள காற்றில், கற்றையின் மின்னேற்றத்தை முழுவதும் சமன்செய்யத் தேவையான அயனிகள் ஏறத்தாழ 1 நானோ விநாடிக்குள் தோன்றிவிடுகின்றன. அழுத்தம் பத்தில் ஒரு பங்கானால் அக்கால அளவு பத்து மடங்கு நீளும். ஹைட்ரஜனைப்போல் இலேசான வாயுவில் அதைவிடவும் நீளும். இவ்வாறு மின்னேற்றச் சமன்செய்வு பூட்கர் வகுத்த எல்லையைத் தாண்டியதும் காந்த இறுக்கம் மேலோங்கிக் கற்றை குவிகிறது. மோதல்களில் பெயர்ந்த எலக்ட்ரான்கள் அதுவரை கற்றையின் விலக்கத்தால் சுவருக்கு விரட்டப்பட்டுக்கொண்டிருந்தன. சமன்செய்வு நிறைவுற்ற நொடியில் அவற்றை விரட்டும் புலம் இல்லாமற்போவதால், அவை கற்றையினுள்ளேயே தங்கிவிடுகின்றன. இப்போது குழாயில் இருப்பது வெறும் வாயு அன்று. கட்டற்ற எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த, மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மா.

பழைய இலக்கணத்தில் விடுபட்டிருந்த பகுதி இங்கேதான் நுழைகிறது. கற்றையின் மின்னோட்டம் நானோ விநாடிக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியர் வீதம் ஏறிக்கொண்டிருப்பதால், அதைச் சூழ்ந்த காந்தப்புலமும் அதே விரைவில் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் தன் மாற்றத்தை எதிர்க்கும் மின்புலத்தைத் தூண்டும் என்பது ஃபாரடே, லென்ஸ் காலத்திலிருந்தே அறிந்த விதி. அவ்வாறு குழாயின் நீளவாக்கில் தூண்டப்படும் மின்புலம் பிளாஸ்மா எலக்ட்ரான்களைக் கற்றைக்கு எதிர்த்திசையில் உந்த, அவை மேலும் அணுக்களில் மோதி மேலும் எலக்ட்ரான்களைப் பெயர்க்க, கடத்துதிறன் சரசரவென உயர்ந்து, கற்றையின் மின்னோட்டத்தை ஏறக்குறைய ஈடுசெய்யும் எதிர் மின்னோட்டம் ஒன்று பிளாஸ்மாவில் ஓடத் தொடங்குகிறது. ஆக, வாயு கற்றையின் மின்னேற்றத்தை மட்டுமல்லாமல் அதன் காந்தப்புலத்தையும் சமன்செய்துவிடுகிறது. விலக்கமும் இல்லை, இறுக்கமும் இல்லை. யோனஸ் குழுவினர் கண்ட விசையற்ற நகர்வு இதுதான். அழுத்தம் பல பத்து டாராக உயர்ந்தால் பிளாஸ்மா எலக்ட்ரான்கள் அடிக்கடி மோதித் தடைபட்டும், ஆக்ஸிஜன் மூலக்கூறுகளில் ஒட்டிக்கொண்டும் கடத்துதிறனைக் குறைப்பதால், எதிர் மின்னோட்டம் தளர்ந்து காந்தப்புலம் மீண்டும் தலையெடுக்கிறது.

இவ்வளவு குறுகிய காலத்தில், கண்ணுக்குப் புலப்படாத இரு மின்னோட்டங்களைப் பிரித்தறிந்தவர்களின் கைத்திறன் குறிப்பிடத்தக்கது. குழாயைச் சுற்றி வளையமாக அமைக்கப்படும் ரோகாவ்ஸ்கி சுருள், தன் வழியே ஊடுருவும் மொத்த மின்னோட்டத்தை, அதாவது கற்றையிலிருந்து எதிர் மின்னோட்டத்தைக் கழித்து எஞ்சும் நிகர மின்னோட்டத்தைக் காட்டும். குழாயின் முனையில் மெல்லிய தாளுக்குப் பின்னே வைக்கப்படும் ஃபாரடே கிண்ணமோ, தாளை ஊடுருவும் அளவுக்கு ஆற்றல்வாய்ந்த கற்றை எலக்ட்ரான்களை மட்டுமே எண்ணும். இவ்விரண்டின் வேறுபாடே பிளாஸ்மா திருப்பி அனுப்பிய மின்னோட்டம். ரோகாவ்ஸ்கி சுருளின் அலைவடிவம் கற்றைத் துடிப்பு முடிந்த பின்னும் அடங்காமல் நீடிப்பதைக் கண்டதே, குழாயில் கற்றையைத் தவிர வேறொரு மின்னோட்டமும் உண்டு என்பதற்கு நேரடிச் சான்றாயிற்று. கற்றை போய்விட்டது, பிளாஸ்மாவில் சிறைப்பட்ட காந்தப்புலம் போகவில்லை. கற்றையின் குறுக்குவெட்டை அறியவோ மிக எளிய பொருள் ஒன்று கைகொடுத்தது: கதிர்வீச்சு பட்ட இடத்தில் நிறம் வெளுக்கும் நீல செல்லோஃபேன் தாள்.

1970-இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாமரும் நார்மன் ரோஸ்டோக்கரும் இந்நிகழ்வுகளுக்கு முறையான கோட்பாட்டு வடிவம் தந்தனர். பிளாஸ்மாவின் அடர்த்திக்கேற்ப, மின்காந்தப் புலம் அதனுள் எவ்வளவு ஆழம் புக முடியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருந்தால் அது அரை மில்லிமீட்டர் அளவே. கற்றையின் ஆரம் இவ்வாழத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் எதிர் மின்னோட்டம் கற்றையினுள்ளேயே ஓடி அதை ஏறத்தாழ முழுவதும் ஈடுசெய்துவிடும். இந்தியாவில் பிறந்து அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரவீந்திர நாத் சூடான், ராஸ்வெல் லீயோடு சேர்ந்து 1971-இல் வெளியிட்ட ஆய்வு, வெளியிலிருந்து காந்தப்புலம் செலுத்தப்பட்ட பிளாஸ்மாவுக்கும் இக்கணக்கை விரித்தது. இவற்றின் வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தால், கற்றையொன்று ஆல்ஃப்வென் எல்லையை மீறியது என்று அக்காலக் கட்டுரைகள் எழுதியது பொருத்தமானதாகத் தோன்றவில்லை. கற்றையின் மின்னோட்டம் ஆல்ஃப்வென் சொன்ன அளவைப்போல் பல மடங்கானாலும், அதைச் சூழ்ந்த காந்தப்புலத்தை நிர்ணயிக்கும் நிகர மின்னோட்டம் அவ்வளவுக்கு உட்பட்டே நின்றது. விண்வெளி வாயு மின்னேற்றத்தைச் சமன்செய்யும் என்று கண்ட ஆல்ஃப்வென், அதே வாயு மின்னோட்டத்தையும் சமன்செய்யக்கூடும் என்பதைத் தம் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே. எல்லை பொய்க்கவில்லை. அது எந்த மின்னோட்டத்துக்கு உரியது என்பதுதான் தெளிந்தது.

விசையற்ற நகர்வு ஒரு வகையில் ஏமாற்றமும் தந்தது. விலக்கும் விசை இல்லாவிட்டாலும் குவிக்கும் விசையும் இல்லாததால், மென்தாளை ஊடுருவும்போதே சற்றுச் சாய்ந்த கோணங்களில் சிதறிவிட்ட எலக்ட்ரான்கள் அக்கோணங்களிலேயே நேர்கோட்டில் சென்று குழாயின் சுவரில் விழுந்தன. கார்னெலின் ஆண்ட்ரூஸ், ப்ஸூரா, ஃப்ளைஷ்மன், ரோஸ்டோக்கர் ஆகியோர் குழாயைச் சுற்றிக் கம்பிச் சுருள் அமைத்து நீளவாக்கில் காந்தப்புலம் செலுத்தியபோது, ஒவ்வோர் எலக்ட்ரானும் புலக்கோட்டைச் சுற்றிச் சுழன்று செல்ல, இவ்விழப்பு பெரிதும் குறைந்தது.

இடையே, எவரும் தேடாத ஒன்றும் கிடைத்தது. கிரேபிலும் அக்லமும் ஹைட்ரஜன், ஹீலியம், நைட்ரஜன் முதலிய வாயுக்களைத் தாழ்ந்த அழுத்தத்தில் நிரப்பிக் கற்றையைச் செலுத்தியபோது, கற்றை சென்ற திசையிலேயே, எலக்ட்ரான்களின் ஆற்றலைப்போல் சில மடங்கு ஆற்றலுடன் வாயு அயனிகள் பாய்ந்து வெளிவருவதைக் கண்டனர். 1970-இல் வெளியான இம்முடிவில் அயனியின் ஆற்றல் அதன் மின்னேற்றத்துக்கு ஏற்பக் கூடியதும் தெரிந்தது. பூட்கர் பேசிய அதே 1956 கருத்தரங்கில் சோவியத் இயற்பியலாளர் வெக்ஸ்லர், பல துகள்களின் கூட்டுப் புலத்தால் வேறு துகள்களை முடுக்கலாம் என்று முன்மொழிந்திருந்தமையால், இது அக்கனவின் நனவாக்கமென ஆரவாரத்துடன் வரவேற்கப்பட்டது. சாண்டியாவின் கிரெய்க் ஓல்சன் தந்த விளக்கம் ஆரவாரத்தைச் சற்றுத் தணித்தது. மென்தாளுக்கு அப்பால் உருவாகும் மின்னழுத்தக் குழி, கற்றையின் மின்னழுத்தத்தைவிட ஆழமாகி, அயனிகள் பெருகப் பெருக முன்னோக்கி நகர்கையில் சில அயனிகளைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஆனால் அந்நகர்வின் வேகம் கட்டுக்குள் இல்லை. அதைக் கட்டுப்படுத்த லேசர் கொண்டு முயன்ற கருவிகள் எழுந்தன. பயன்பாட்டுக்குரிய முடுக்கி எதுவும் அவற்றிலிருந்து எழவில்லை.

குழாயின் நீளம் சில மீட்டராக இருக்கும்வரை எழாத தொல்லை ஒன்று, தொலைவு கூடியதும் எழுந்தது. கடத்துதிறன் மிக்க பிளாஸ்மாவில் காந்தப்புலம் உடனே நகர்வதில்லை. கற்றையின் ஒரு பகுதி சற்றே ஒரு பக்கம் விலகினால், முன்னே சென்ற பகுதி விட்டுச்சென்ற காந்தப்புலத்தின் நடு அச்சு பழைய இடத்திலேயே நிற்கிறது. அவ்வச்சை நோக்கி இழுக்கப்படும் கற்றை அதைக் கடந்து மறுபக்கம் செல்ல, பின்வரும் பகுதி இன்னும் மிகுதியாக அலைய, துடிப்பின் வால் பகுதிக்கு வருகையில், நீர் பீறிடும் ரப்பர் குழாயைக் கையிலிருந்து நழுவவிட்டால் அது துள்ளுவதைப்போல் கற்றை துள்ளுகிறது. மார்ஷல் ரோசன்ப்ளூத் 1960-இலேயே கணித்துக்காட்டிய இந்நிலையின்மையை, லிவர்மோர் ஆய்வகத்தின் எட்வர்டு லீ 1970-களில் விரிவாக ஆராய்ந்தார். லிவர்மோருக்கு அதில் தனி அக்கறை இருந்தது. அங்கே நிக்கலஸ் கிறிஸ்டோஃபிலோஸ் 1958 முதல், சீசா என்ற பெயரில், எலக்ட்ரான் கற்றையைக் காற்றினூடே செலுத்தி ஏவுகணைகளைத் தாக்கும் ஆயுதம் பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்டிருந்தார். குழாயில் ஆராயப்பட்ட ஒவ்வொன்றும் குழாயில்லாத வளிமண்டலத்துக்கு ஒத்திகையாகக் கருதப்பட்ட காலம் அது.

சாண்டியாவின் நோக்கம் வேறு. 1972-இல் அங்கு வந்து சேர்ந்த யோனஸின் தலைமையில், பல கற்றைகளை ஒரு சிறு எரிபொருள் உருண்டையின்மேல் குவித்து அணுக்கரு இணைவை உண்டாக்கும் திட்டம் நடந்தது. வெடிக்கும் உருண்டைக்கு அருகே எதிர்மின்வாய்களை வைக்க முடியாதாகையால், மெல்லிய கம்பிகளை மின்சாரத்தால் வெடிக்கச் செய்து காற்றில் பிளாஸ்மா வாய்க்கால்கள் அமைத்து, அவற்றின் வழியே கற்றையைச் செலுத்தலாம் என்பதை 1977-இல் அக்குழுவினர் காட்டினர். சில ஆண்டுகளில் சாண்டியா எலக்ட்ரான்களைக் கைவிட்டு இலேசான அயனிகளுக்கு மாறிவிட்டதால் அவ்வாய்க்கால்களின் கதை அத்தோடு முடிந்தது.

லிவர்மோரில் அது முடியவில்லை. அந்த ஆய்வகம் 1980-களின் தொடக்கத்தில் தன் சோதனைத் திடலில் நிறுவிய உயர் சோதனை முடுக்கி, 10,000 ஆம்பியர் கற்றையை 5 கோடி வோல்ட்டுக்கு உயர்த்துவதற்கென வடிவமைக்கப்பட்டது. முடுக்கும் இடைவெளிகள் ஒவ்வொன்றிலும் கற்றையின் சிறு அலைவு மின்காந்த அதிர்வைக் கிளப்ப, அவ்வதிர்வு அடுத்துவரும் கற்றையை மேலும் அலைக்க, கற்றை முனையை அடையுமுன் உடைந்துபோனது. காந்தச் சுருள்களால் இதை அடக்குவது கடினமாக இருந்ததற்குக் காரணம் உண்டு: சீரான காந்தப்புலத்தில் எல்லா எலக்ட்ரான்களும் ஒரே காலவட்டத்தில் அலைவதால் அவற்றின் அலைவுகள் ஒன்றோடொன்று இசைந்து வளர்கின்றன. 1983-இல் குழாயின் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, கற்றையின் புலத்தால் அதில் தூண்டப்படும் நேர்மின்னேற்றத்தைக் கொண்டு கற்றையை ஈர்த்து நிறுத்தும் முறை வெற்றி பெற்றது. ஆனால் முடுக்கி முழுவதற்கும் கம்பி கட்டுவது இயலாது. ஆகவே கம்பியின் இடத்தில் மீண்டும் வாயு வந்தது. இம்முறை ஒரு டாரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அழுத்தமுள்ள பென்சீன் ஆவி. கிரிப்டான் ஃப்ளோரைடு லேசரின் புற ஊதாக் கதிரைக் குழாயின் அச்சு வழியே முன்கூட்டியே செலுத்தினால், ஒவ்வொரு பென்சீன் மூலக்கூறும் இரண்டு ஒளித்துகள்களை விழுங்கி அயனியாக, முடுக்கியின் நீளம் முழுவதும் மெல்லிய அயனி வாய்க்கால் ஒன்று அமைகிறது. பின்தொடரும் கற்றையின் முன்முனை அங்குள்ள இலகுவான எலக்ட்ரான்களை விரட்டிவிட, எஞ்சிய அயனிகள் கற்றையை அச்சில் பிடித்துவைக்கின்றன. வாய்க்காலின் ஈர்ப்பு தொலைவுக்கு நேர்விகிதத்தில் மாறாததால், அச்சிலிருந்து வெவ்வேறு தொலைவில் அலையும் எலக்ட்ரான்கள் வெவ்வேறு காலவட்டத்தில் அலைந்து இசைவை இழக்க, கூட்டு அலைவு தானே தணிந்துவிடுகிறது. மார்ட்டின் (ஆல்டர்மாஸ்டனின் மார்ட்டின் அல்லர்), கபொராஸோ ஆகியோரைக் கொண்ட குழு 1985-இல் வெளியிட்ட இம்முடிவில் எதிர் மின்னோட்டத்துக்கு இடமில்லை. அவ்வளவு மெல்லிய வாயுவில் அது எழுவதற்கில்லை. 5 கோடி வோல்ட் கற்றைக்குப் பூட்கரின் நிபந்தனை கேட்கும் அயனிகள் பத்தாயிரம் எலக்ட்ரான்களுக்கு ஒன்று மட்டுமே என்பதால், பென்சீன் ஆவி தந்தது வேண்டியதைவிட மிகுதியே.

அயனி வாய்க்காலுக்கும் ஒரு குறை உண்டு. துடிப்பு நீண்டால் கனமான அயனிகளும் அசையத் தொடங்கி, கற்றையும் வாய்க்காலும் ஒன்றையொன்று இழுத்து அலையும் இன்னொரு நிலையின்மை எழுகிறது. லிவர்மோர் துடிப்பு நூறு நானோ விநாடிக்கும் உட்பட்டதால் அது பெரிதாக உறுத்தவில்லை. பிற்காலத்தில் லாஸ் அலமாஸ் ஆய்வகம் எக்ஸ் கதிர்ப் படப்பிடிப்புக்காக அமைத்த இரட்டை அச்சு முடுக்கியின் இரண்டாம் அச்சில், ஏறத்தாழ 2,000 ஆம்பியர் கற்றை ஒன்றரை மைக்ரோ விநாடிக்கும் மேலாக நீடிக்க வேண்டியிருந்தது. அங்கே குழாயில் தற்செயலாகத் தங்கிவிடும் வாயுவே கற்றையை அலைக்கப் போதுமென்று கணக்குகள் காட்டியதால், அழுத்தத்தை ஒரு டாரின் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் தாழ்த்தும் வெற்றிட அமைப்பு அம்முடுக்கிக்குத் தேவைப்பட்டது.

(தொடரும்)